ஓய்வுபெற்ற நாளிலேயே கிடைத்த நாற்காலி

2018 ஜூலை 6, வெள்ளிக்கிழமை. உச்ச நீதிமன்ற நீதிபதி ஆதர்ஷ் குமார் கோயல் அன்று ஓய்வு பெற்றார். அன்றே மத்திய அரசின் நியமனச் செய்தியும் வந்துவிட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தலைவர் பதவி, ஐந்து ஆண்டுகளுக்கு. நம்மில் ஒருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் பி.எஃப். பணம் கைக்கு வரவே எத்தனை மாதம் அலைய வேண்டியிருக்கிறது!

அந்தப் பெயரை நாம் மறந்திருக்க முடியாது. அதற்கு மூன்றரை மாதம் முன்பு, மார்ச் 20 அன்று, சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில் தீர்ப்பு வழங்கிய இருவர் அமர்வில் மூத்தவர் அவர். உடன் இருந்தவர் யு.யு. லலித். மகாராஷ்டிரத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் வேலை பார்த்த தலித் ஊழியர், தன்னைப் பற்றி மேலதிகாரிகள் எழுதிய ரகசியக் குறிப்பை எதிர்த்துப் புகார் கொடுத்ததில் தொடங்கிய வழக்கு அது. தீர்ப்பு அந்த ஒருவரோடு நிற்கவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஓர் அரசு ஊழியரைக் கைது செய்ய வேண்டுமென்றால் அவரை நியமித்த அதிகாரி எழுத்துமூலம் அனுமதி தர வேண்டும், மற்றவர்களைக் கைது செய்ய மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அனுமதி வேண்டும், எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன் டி.எஸ்.பி. ஒருவர் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். முன்ஜாமீனுக்கு இருந்த தடை முழுமையானதல்ல. இப்படி அடுக்கிக்கொண்டே போனது. சேரியில் அடிபட்டவன் காவல் நிலையப் படியேறினால் "விசாரிக்கிறோம், போ" என்று திருப்பி அனுப்புவது வழக்கம். அந்த வழக்கத்துக்கு உச்ச நீதிமன்றத்தின் முத்திரை கிடைத்தது.

ஏப்ரல் 2 பாரத் பந்த். எந்தப் பெரிய கட்சியும் தலைமை தாங்காமல் வட மாநிலங்களில் தலித் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களில் குறைந்தது ஒன்பது பேர் செத்தார்கள். அன்றைக்கே மத்திய அரசு தீர்ப்பை எதிர்த்துச் சீராய்வு மனு போட்டது. அதே அரசுதான் ஜூலையில் அதே நீதிபதிக்குப் பதவி கொடுத்தது. ராம் விலாஸ் பாஸ்வானின் கட்சி அப்போது ஆளும் கூட்டணியில் இருந்தது. அவர்களே நியமனத்தை ரத்து செய்யச் சொன்னார்கள். அரசு கேட்கவில்லை. ஆகஸ்டில் சட்டத் திருத்தம் வந்தது. 18ஏ பிரிவு சேர்ந்தது. கைதுக்கு முன் அனுமதி தேவையில்லை என்று ஆனது. நாற்காலி மட்டும் அப்படியே இருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 15 அன்று, தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையை மூடிய தமிழக அரசின் ஆணையை ரத்து செய்ததும் அவர் தலைமையிலான பசுமைத் தீர்ப்பாய அமர்வுதான். தீர்ப்பாயத்துக்கு அந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பதவிக்காகத்தான் அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டது என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் என்னிடம் இல்லை. தீர்ப்பை எதிர்த்து அந்த அரசே மனு போட்டிருக்கும்போது அப்படிச் சொல்வது கணக்குக்கும் சரிவராது. ஆனால் 'நலன் முரண்' என்பது லஞ்சத்தை நிரூபிப்பதைப் பற்றிய விஷயமல்ல. நாளைக்கு உனக்கு வேலை தரப்போகிற ஆள், இன்றைக்கு உன் முன்னால் வழக்காடியாக நிற்கிறான். நீ நேர்மையாகத் தீர்ப்பு எழுதினாலும் தோற்றவன் நம்ப மாட்டான். அவன் நம்பாததற்கு அவனைக் குறை சொல்லவும் முடியாது. அமெரிக்காவில் அரசு அதிகாரிகள் பதவி விலகியதும் அதே துறையின் கம்பெனிகளுக்காகச் செல்வாக்குத் தரகு வேலைக்குப் போவதைச் சுழல்கதவு என்பார்கள். அந்தப் பக்கம் போனவர் மறுபடி இந்தப் பக்கம் வருவார் என்பதால் அந்தப் பெயர். நம் ஊரிலும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கு ஒரு விதி உண்டு. ஓய்வுக்குப் பின் தனியார் கம்பெனியில் சேர அரசின் முன் அனுமதி வேண்டிய காலம் ஒருகாலத்தில் இரண்டு ஆண்டாக இருந்தது. பிறகு அதை ஓராண்டாகக் குறைத்தார்கள். நீதிபதிகளுக்கு அந்த ஓராண்டுகூடக் கிடையாது. இங்கே கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது கம்பெனி அல்ல, அரசு. அதனால் பலருக்கு இது தவறாகவே தெரிவதில்லை.

இந்தக் கதவைத் திறந்து வைத்தவர் யார் என்று தேடிப் போனால், நமக்குச் சங்கடமான இடத்தில் போய் நிற்போம்.

1949 ஜூன் மாதம், அரசியல் நிர்ணய சபை. பொருளாதார அறிஞர் கே.டி. ஷா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். உச்ச நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ தொடர்ந்து ஐந்து ஆண்டு நீதிபதியாக இருந்த எவரையும் மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகப் பதவி எதிலும் அமர்த்தக் கூடாது. தூதர் பதவி, அமைச்சர் பதவி எல்லாவற்றையும் பெயர் சொல்லியே சேர்த்திருந்தார். ஆசை காட்டி எந்த நீதிபதியையும் வளைக்க முடியாமல் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

அதை ஏற்க மறுத்தவர் அண்ணல் அம்பேத்கர். இரண்டு காரணம் சொன்னார். முதலாவது, நீதித்துறை தீர்க்கும் வழக்குகள் பெரும்பாலும் குடிமகனுக்கும் குடிமகனுக்கும் இடையிலானவை. அரசுக்கு அதில் அக்கறை இருப்பது அபூர்வம். ஆகவே நீதிபதியின் நடத்தையை அரசு பாதிப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டாவது, சில வேலைகளுக்கு நீதித்துறை அனுபவம் உள்ளவர்கள் தேவைப்படுகிறார்கள். அதற்கு உதாரணமாக அவர் சொன்னது ஒரு சென்னைக்காரரை: ஃபெடரல் நீதிமன்ற நீதிபதியாக இருந்து, பிறகு வருமான வரி விசாரணை ஆணையத்துக்குப் போன சீனிவாச வரதாச்சாரியார். ஷாவின் திருத்தம் தோற்றது.

பாபாசாகேப் சொன்னதாலேயே இது சரி என்று ஆகிவிடுமா? நம் வாசிப்பு வட்டங்களில் அவர் எழுத்தை வேதம்போல் ஓதுகிற பழக்கம் சிலருக்கு வந்துவிட்டது. வேதம் ஓதுவதை எதிர்த்தவருக்கு நாம் செய்கிற மரியாதை அது அல்ல. இந்த இடத்தில் அவர் கணிப்பு தவறியது. எவ்வளவு சீக்கிரம் தவறியது என்பதைப் பார்க்க வேண்டும்.

அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. முதல் சில ஆண்டுகளில் உச்ச நீதிமன்றத்தை உலுக்கிய வழக்குகளின் பெயர்களை எடுத்துப் பாருங்கள். ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாகாணம். ரொமேஷ் தாப்பர் எதிர் சென்னை மாகாணம். சென்னை மாகாணம் எதிர் செண்பகம் துரைராஜன். சென்னை மாகாணம் எதிர் வி.ஜி. ராவ். தடுப்புக் காவல், பத்திரிகைத் தடை, வகுப்புவாரி இடஒதுக்கீடு, சங்கத் தடை என்று எல்லாவற்றிலும் ஒரு பக்கம் அரசு நிற்கிறது. அதுவும் நம் மாகாண அரசு! செண்பகம் துரைராஜன் வழக்கில் கம்யூனல் ஜி.ஓ. செல்லாது என்று 1951-இல் தீர்ப்பு வந்தபோது, அந்தத் தீர்ப்பைத் தன்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை என்று நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகப் பேசியவர் சட்ட அமைச்சர் அம்பேத்கரேதான். முதல் திருத்தம் அதன் பிறகு வந்தது. அரசுக்கு அக்கறையில்லாத வழக்குகள் என்று அவர் சொல்லி இரண்டு ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை.

அவர் ஏன் அப்படிச் சொன்னார்? எனக்குத் தோன்றுவது இது. அவர் வழக்கறிஞராகப் பார்த்தது பிரிட்டிஷ் கால நீதிமன்றங்களை. சொத்துத் தகராறு, கடன், பாகப்பிரிவினை, கொலை வழக்கு இவையே அன்றைய நீதிமன்றங்களின் அன்றாடம். அடிப்படை உரிமை என்ற ஒன்று அப்போது சட்டத்தில் இல்லை. அதைக் கொண்டுவந்தவரே அவர்தான். உரிமை பறிபோனால் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிற 32-ஆவது பிரிவைத்தான் இந்தச் சட்டத்தின் இதயம், ஆன்மா என்று 1948 டிசம்பரில் அவர் சொன்னார். அந்தப் பிரிவின் வழியாக நீதிமன்றத்துக்குப் போகிறவன் யார் மீது வழக்குப் போடுவான்? அரசின் மீது. தான் எழுதிய சட்டம் நீதிமன்றத்தின் வேலையையே மாற்றப் போகிறது என்பதை ஆறே மாதம் கழித்து அந்த ஒரு விவாதத்தில் அவர் கணக்கில் எடுக்கவில்லை.

அதே சட்டத்தில் வேறு இரண்டு இடங்களில் கதவு இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்கிறது. 148-ஆவது பிரிவின்படி தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பதவி முடிந்தபின் மத்திய, மாநில அரசுகளில் எந்தப் பதவியும் ஏற்க முடியாது. 319-ஆவது பிரிவின்படி மத்தியப் பணியாளர் தேர்வாணையத் தலைவருக்கும் அதே தடை. அரசின் கணக்கைப் பார்க்கிறவர், அரசு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் ஆகியோருக்கு எதிர்காலத்தில் அரசிடம் எதிர்பார்ப்பு இருக்கக் கூடாது என்று புரிந்திருக்கிறது. நீதிபதிக்கு மட்டும் 124(7) ஒரு தடை வைத்தது: ஓய்வுக்குப் பின் எந்த நீதிமன்றத்திலும் வாதாடக் கூடாது. வாதாடத்தான் கூடாது, அறைக்குள் உட்கார்ந்து கட்டணம் வாங்கிக்கொண்டு சட்டக் கருத்து எழுதித் தரலாம், கம்பெனிகளுக்கு நடுவராகப் போகலாம், கவர்னர் ஆகலாம்.

ஆனார்கள். உச்ச நீதிமன்றத்தின் ஆரம்பகால நீதிபதிகளில் ஒருவரான ஃபசல் அலி 1952-இல் ஒரிசா கவர்னர் ஆனார். கோபாலன் வழக்கில் தடுப்புக் காவலை எதிர்த்துத் தனித்து நின்று மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் அவர். ஆளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வழக்கம் அப்படி நல்லவர்களிடமிருந்தே தொடங்கிவிட்டது.

1958-இல் நடந்ததுதான் இந்த வரலாற்றிலேயே சுவையான இடம். எம்.சி. செதல்வாட் தலைமையிலான முதல் சட்ட ஆணையம் அந்த ஆண்டு தன் 14-ஆவது அறிக்கையைக் கொடுத்தது. நீதித்துறைச் சீர்திருத்தம் பற்றிய பெரிய அறிக்கை. ஓய்வுபெற்ற நீதிபதிகள் அரசிடம் வேலை ஏற்பது தடைசெய்யப்பட வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. காரணமும் சொன்னது: உயர்ந்த நீதிமன்றங்களில் ஏராளமான வழக்குகளில் அரசு ஒரு தரப்பு; ஓய்வுக்குப் பின் அரசு வேலையை எதிர்பார்க்கும் நீதிபதி நடுநிலையாக இருப்பாரா என்ற எண்ணம் சாதாரண மனிதனுக்கு வரும். 1949-இல் அம்பேத்கர் எந்த வாதத்தின் மீது நின்றாரோ அதை ஒன்பதே ஆண்டில் சட்ட ஆணையம் தலைகீழாக்கியது.

அந்த ஆணையத்தின் உறுப்பினர்களில் ஒருவர் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா. அதே ஆண்டின் தொடக்கத்தில் எல்.ஐ.சி. பணத்தை முந்த்ரா கம்பெனிகளில் போட்ட விவகாரத்தைப் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்து, நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகக் காரணமாக இருந்தவர். அமைச்சரை இறக்கும் துணிச்சல் உள்ள மனிதர். சட்ட ஆணைய அறிக்கை வந்த அந்த ஆண்டே அவர் அமெரிக்காவுக்கான இந்தியத் தூதரானார். கே.டி. ஷா பெயர் சொல்லித் தடை கேட்ட பதவிகளில் ஒன்று! பிறகு லண்டனில் ஹை கமிஷனர், கல்வி அமைச்சர், வெளியுறவு அமைச்சர். பரிந்துரைக்கு உடன்பட்டவரே அதை மீறினார் என்று செதல்வாட் பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் வருத்தத்தோடு எழுதினார். அறிக்கை அலமாரிக்குப் போனது.

அதற்குப் பின் வந்த பெயர்களை வேகமாகச் சொல்லிவிட்டுப் போகலாம், ஏனென்றால் கதை திரும்பத் திரும்ப ஒன்றுதான். பஹருல் இஸ்லாம்: காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து, பதவி விலகி கவுகாத்தி உயர் நீதிமன்ற நீதிபதியாகி, ஓய்வு பெற்று, பிறகு உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டவர். 1982 டிசம்பரில் பீகார் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ராவை விடுவித்த தீர்ப்பில் பங்கேற்றார். 1983 ஜனவரியில் நீதிபதி பதவியை விட்டார். அந்த ஆண்டே மறுபடி காங்கிரஸ் எம்.பி. ரங்கநாத் மிஸ்ரா: 1984 சீக்கியர் படுகொலையை விசாரித்த ஆணையத்தின் தலைவர், 1998-இல் காங்கிரஸ் எம்.பி. நம் தமிழகத்தைச் சேர்ந்த பி. சதாசிவம்: தலைமை நீதிபதியாக ஓய்வு பெற்ற 2014-இலேயே கேரள கவர்னர். நியமித்தது பா.ஜ.க. அரசு. ஓய்வுக்கு முந்தைய தீர்ப்புகளை ஓய்வுக்குப் பிந்தைய வேலைகள் பாதிக்கின்றன என்று 2012-இல் எதிர்க்கட்சியாக இருந்தபோது மேடையில் பேசியவர் அக்கட்சியின் அருண் ஜெட்லி. ரஞ்சன் கோகோய்: 2019 நவம்பரில் ஓய்வு, 2020 மார்ச்சில் மாநிலங்களவை நியமன உறுப்பினர்.

இவர்கள் டெல்லிப் பெயர்கள். நாம் கையில் அடிபட்டு உணர்ந்தது வேறு வடிவத்தில்: 'ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒருநபர் விசாரணை ஆணையம்.'

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி கோரிக்கைக்காகவும், சிறையில் கிடந்த 600-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் விடுதலைக்காகவும் திருநெல்வேலியில் கலெக்டர் அலுவலகம் நோக்கிப் பேரணி. போலீஸ் தடியடி. தாமிரபரணியில் இறங்கித் தப்ப ஓடியவர்களையும் விடவில்லை. 17 பேர் இறந்தார்கள். அதில் இரண்டு பெண்கள், ஒரு கைக்குழந்தை. ஆட்சியில் தி.மு.க. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி எஸ். மோகன் தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். அறிக்கை போலீஸ் நடவடிக்கையைப் பெரிதும் நியாயப்படுத்தியது.

2011 செப்டம்பர் 11. பரமக்குடி, தியாகி இமானுவேல் சேகரன் நினைவு நாள். ஜான் பாண்டியனைக் கைது செய்ததை எதிர்த்து ஐந்துமுனைச் சாலையில் மறியல். போலீஸ் சுட்டதில் தலித்துகள் ஆறு பேர் பலி. ஆட்சியில் அ.தி.மு.க. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி சம்பத் தலைமையில் ஆணையம். துப்பாக்கிச் சூடு தவிர்க்க முடியாதது என்ற முடிவோடு 2013-இல் அறிக்கை வந்தது.

இரண்டு கட்சி, இரண்டு நீதிபதி. நடைமுறை மட்டும் ஒன்று. 1952-ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டத்தை எடுத்துப் படித்தால் ஏன் என்று விளங்கும். ஆணையத்துக்கு யாரைப் போடுவது என்பதை அரசு தீர்மானிக்கும். எதை விசாரிக்க வேண்டும் என்ற வரம்பை அரசு எழுதும். எவ்வளவு காலம், நீட்டிப்பு உண்டா என்பதையும் அரசே சொல்லும். சம்பளம், அலுவலகம், கார் எல்லாம் அரசின் செலவு. அறிக்கையை ஏற்க வேண்டிய கட்டாயம் அரசுக்கு இல்லை. ஆணையத்தின் முன் ஒரு போலீஸ் அதிகாரி சொன்னதைக் குற்ற வழக்கில் அவருக்கு எதிராகப் பயன்படுத்தவும் முடியாது. துப்பாக்கிச் சூட்டில் குற்றம்சாட்டப்படுவது அரசின் போலீஸ். விசாரிக்கும் ஆளைத் தேர்ந்தெடுப்பதும் அரசு. வீட்டுக்குள் திருடியவனே பஞ்சாயத்தாரைக் கூட்டிவருகிற மாதிரி.

எல்லா ஆணையமும் அரசுக்குச் சாதகமாகவே எழுதியது என்று சொன்னால் பொய்யாகும். தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டை விசாரித்த ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன், 13 பேரைக் கொன்றதற்குப் போலீஸ் அதிகாரிகளைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கினார். அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது ஆட்சி மாறியிருந்தது. அந்த அறிக்கையைப் பாராட்டுவோம். ஆனால் ஆணையத்தின் நேர்மை தலைவரின் தனிப்பட்ட குணத்தைப் பொறுத்தே இருக்கிறது என்பதற்கும் அதுவே சாட்சி. வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992-இல் அந்தப் பழங்குடி மக்கள் மீது வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறையினர் நடத்திய வெறியாட்டத்துக்கு நியாயம் எந்த ஒருநபர் ஆணையத்திலிருந்தும் வரவில்லை. மக்களும் இயக்கமும் நீதிமன்றப் படியேறி சி.பி.ஐ. விசாரணை வாங்கினார்கள். 269 பேர் மீது வழக்கு. உயிரோடு இருந்த 215 பேரும் 2011-இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு ஆண்டு ஆனாலும் தண்டனை தண்டனைதான்.

வன்கொடுமை வழக்கைப் பொறுத்தவரை இந்த முரண் இன்னும் கூர்மையாகிறது. கொடுமை செய்தவன் ஊர்க்காரன், ஆனால் வழக்கு நடத்துவது அரசு. சிறப்பு அரசு வழக்கறிஞரை நியமிப்பது அரசு. புகாரை வாங்காத போலீஸ்காரரும் அரசு ஊழியர்தான். சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி அவரே குற்றவாளி ஆகலாம். நிவாரணத் தொகையைத் தருவதும் இழுத்தடிப்பதும் கலெக்டர் அலுவலகம். 1949-இல் அண்ணல் நினைத்த 'குடிமகனுக்கும் குடிமகனுக்கும் இடையிலான' வழக்கு இதில் எங்கே இருக்கிறது? ஒரு தலித்தின் வழக்கில் அரசு ஒருபோதும் வெளியாள் அல்ல.

இப்போது நமக்குள்ளேயே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விக்கு வருகிறேன். இதைத் தவிர்த்துவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரை பாதிதான்.

கே.ஜி. பாலகிருஷ்ணன் இந்தியாவின் முதல் தலித் தலைமை நீதிபதி. 2007-இல் அவர் பதவியேற்றபோது நம் தெருக்களில் இனிப்பு கொடுத்தோம். 2010 மே மாதம் ஓய்வு பெற்றார். ஜூன் மாதமே தேசிய மனித உரிமை ஆணையத் தலைவர். அன்று நம்மில் யாரும் கேள்வி கேட்கவில்லை. அந்தப் பதவியை முன்னாள் தலைமை நீதிபதிக்குத்தான் தர வேண்டும் என்று 1993-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது என்று சமாதானம் சொல்லலாம். உண்மைதான். நாடாளுமன்றம் இயற்றும் ஒவ்வொரு புதிய தீர்ப்பாயச் சட்டமும் ஓய்வுபெற்ற நீதிபதிக்கு ஒரு நாற்காலியைத் தயார் செய்தே பிறக்கிறது. பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும் அப்படித்தான். ஆனால் கோயலுக்குக் கேட்ட கேள்வியைப் பாலகிருஷ்ணனுக்குக் கேட்க மாட்டோம் என்றால், நாம் எதிர்ப்பது முறையையா, ஆளையா?

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 1984 விவகாரத்துக்காக நான் மேலே குறை சொன்ன அதே ரங்கநாத் மிஸ்ராதான், எம்.பி. பதவிக்குப் பின் இன்னோர் ஆணையத் தலைவராகி, 2007-இல் ஒரு வரலாற்றுப் பரிந்துரையைச் செய்தார். பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்க வேண்டும், 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தியை நீக்க வேண்டும், தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் பட்டியலில் சேர வேண்டும். நம் ஊர்க் கிறிஸ்தவச் சேரிகள் அரை நூற்றாண்டாகக் கேட்டது. ஓய்வுபெற்ற நீதிபதியே கூடாது என்று ஷா சொன்னபடி அன்று தடை போட்டிருந்தால் அந்த அறிக்கை அவர் கையால் வந்திருக்காது. அதை மறைக்க மாட்டேன். வந்தும் அரசு அதை ஏற்கவில்லை என்பதையும் மறைக்க மாட்டேன்.

மகாஜன் தீர்ப்பின் கதை முடிந்த விதத்தையும் பாருங்கள். 2019 அக்டோபர் 1 அன்று அருண் மிஸ்ரா தலைமையிலான மூவர் அமர்வு, மகாஜன் தீர்ப்பின் அந்த உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் அவர் தலைமையிலான இன்னொரு அமர்வு 18ஏ பிரிவு செல்லும் என்றது. நமக்குச் சாதகமான தீர்ப்புகள். கொண்டாடினோம். தலைமை நீதிபதியாக இல்லாதவரும் மனித உரிமை ஆணையத் தலைவராகலாம் என்று 2019-இல் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். 2021 ஜூனில் அந்த வழியில் முதல் ஆளாகப் பதவிக்கு வந்தவர் அருண் மிஸ்ரா. தேர்வுக் குழுவில் இருந்த மல்லிகார்ஜுன கார்கே, தலித், பழங்குடி, சிறுபான்மையினரிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கக் கேட்டு உடன்பாடின்மையைப் பதிவு செய்தார். நமக்கு எதிராக எழுதியவருக்கும் நாற்காலி, சாதகமாக எழுதியவருக்கும் நாற்காலி. நாற்காலியைக் கையில் வைத்திருப்பது யார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

என்ன செய்யலாம் என்று கேட்டால் பழைய பதில்களே போதும். ஓய்வுக்கும் அடுத்த பதவிக்கும் இடையே குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்று 2012-இல் பா.ஜ.க.வே சொன்னது, ஆட்சிக்கு வந்தபின் மறந்தது. நீதிபதிக்கு முழுச் சம்பளத்தையே பென்ஷனாகக் கொடுத்துவிட்டு வேறு அரசுப் பதவி கூடாது என்று சொல்லலாம். தீர்ப்பாயங்களுக்கு ஆள் எடுக்கும் வேலையை வழக்காடியான அரசின் கையிலிருந்து பிரிக்கலாம். போலீஸ் துப்பாக்கிச் சூடுகளுக்கு ஒருநபர் ஆணையம் என்றவுடன் கலைந்துவிடாமல், எஃப்.ஐ.ஆர். போட்டாயா என்று முதலில் கேட்கலாம். வாச்சாத்திக்காரர்கள் செய்தது அதைத்தான்.

அடுத்த வாசிப்பு வட்டத்துக்கு அரசியல் நிர்ணய சபை விவாதங்களின் எட்டாம் தொகுதியை எடுத்து வாருங்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஷாவின் வாதத்தை ஒருவர் படிக்கட்டும், அண்ணலின் பதிலை இன்னொருவர் படிக்கட்டும். பிறகு, இன்றைய தேதியில் நிலுவையில் இருக்கும் ஒன்றைப் பேசுவோம். மிஸ்ரா பரிந்துரையை ஏற்காத மத்திய அரசு, மதம் மாறிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி தரலாமா என்று விசாரிக்க 2022 அக்டோபரில் இன்னோர் ஆணையம் அமைத்தது. தலைவர் கே.ஜி. பாலகிருஷ்ணன். உச்ச நீதிமன்றத்தில் அதே கேள்வியோடு நிற்கும் வழக்கில் அரசு எதிர்த்தரப்பு. ஆணையத்துக்குக் கொடுத்த இரண்டு ஆண்டு 2024 அக்டோபரில் முடிந்தது. அரசு மேலும் ஓராண்டு நீட்டித்தது.